அயலார் முற்றத்தில் ஒரு பாடகர்: பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’

1986ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த ‘கிரேஸ்லேண்ட்’ என்னும் இசைத்தட்டு இருமுறை எடைபோடப்பட வேண்டிய ஒன்று. செவி ஒரு தராசு. வரலாறு மற்றொரு தராசு. பதினொரு பாடல்களும் ஏறத்தாழ 43 நிமிட நேரமும் கொண்ட அத்தட்டைச் செவியால் மட்டும் எடைபோட்டவர்கள் வானளாவப் புகழ்ந்தனர். வரலாற்றால் மட்டும் எடைபோட்டவர்கள், அதைப் பாடியவரை அரங்குகளின் வாயிலில் பதாகை ஏந்தி எதிர்த்தனர். இரு தராசுகளையும் ஒருங்கே கையிலேந்தி, பாடல் பாடலாக அதனை ஆராய்வது பயனுடைய முயற்சியாகும்.

பால் சைமன் 1941ஆம் ஆண்டு பிறந்தவர். பள்ளித் தோழர் ஆர்ட் கார்ஃபங்கலுடன் இணைந்து 1957ஆம் ஆண்டிலேயே, பதினாறாம் அகவையில், ஒரு சிறு வெற்றிப் பாடலைத் தந்தவர். 1960களில் அவ்விருவரும் உலகப் புகழ் எய்தினர், 1970இல் பிரிந்தனர். பின்னர்த் தனியராகவும் பல வெற்றிகளைக் கண்ட சைமனுக்கு 1983ஆம் ஆண்டு பெருஞ்சறுக்கல் ஏற்பட்டது. அவ்வாண்டு வெளியிட்ட ‘ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்’ தட்டு விலைபோகவில்லை. அவர்தம் இரண்டாம் திருமணமும் அதனையடுத்து முறிந்தது. பாப் இசையுலகம் இளமையின் சந்தை. நாற்பதைக் கடந்தவரை அது மூத்தவரெனக் கூறி மெல்ல வாயிற்புறம் அனுப்பிவிடும். அந்நிலையில் இருந்த அவரிடம் 1984ஆம் ஆண்டு ஓர் ஒலிநாடா வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பர் குடியிருப்புகளில் ஒலித்த, அக்கார்டியனை முதன்மையாகக் கொண்ட துள்ளலிசை அது. அதனைக் காரில் ஓயாது கேட்டுவந்த சைமன், அவ்விசைஞர்கள் யாரெனத் தேடத் தொடங்கினார்.

அயல்நாட்டு இசையை நாடிச் செல்வது அவருக்குப் புதியதன்று. 1970இல் ‘எல் காண்டோர் பாசா’ என்னும் தென்னமெரிக்க மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களைப் பொருத்திப் பாடினார். மெட்டு நாட்டார் வழக்கிலிருந்து வந்ததென்றே அவர் கருதியிருந்தார். உண்மையில் அது பெரு நாட்டு இசையமைப்பாளர் தானியேல் அலோமியா ரோப்லெஸ் 1913இல் ஓர் இசை நாடகத்திற்காக இயற்றியது. அவர்தம் மகன் நீதிமன்றத்தை நாடிய பின்னரே தந்தையின் உரிமை நிலைநாட்டப்பட்டது. அதன்பின் சைமன் யமேக்காவின் கிங்ஸ்டன் நகருக்கே சென்று, அந்நாட்டுக் கலைஞர்களைக் கொண்டு ஒரு பாடலைப் பதிவு செய்து 1972இல் வெளியிட்டார். மெட்டை எடுத்து வருவதிலும் மெட்டுக்குரியவர்களைத் தேடிச் செல்வது மேலானது என்பதை அவர் அப்போதே கற்றுக்கொண்டார் எனலாம். ஆயினும் பெருவோ யமேக்காவோ 1985ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கா அல்ல.

தென்னாப்பிரிக்காவில் 1948இல் ஆட்சியைப் பற்றிய தேசியக் கட்சி, நிறவொதுக்கலைச் சட்டமாக்கியிருந்தது. எவர் எங்கு வாழலாம், எந்தப் பள்ளியிற் பயிலலாம், யாரை மணக்கலாம், எந்த நேரத்தில் எந்தத் தெருவில் நடமாடலாம் என்பனவெல்லாம் தோலின் நிறத்தால் முடிவு செய்யப்பட்டன. 1912இல் தோன்றிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு 1960இல் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர்கள் சிலர் சிறையிலும் சிலர் அயல்நாடுகளிலும் இருந்தனர். அவ்வாட்சியைத் தனிமைப்படுத்துமாறு ஐக்கிய நாடுகள் அவை உலகைக் கேட்டுக்கொண்டது. 1980ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் பொதுப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம், எழுத்தாளரும் இசைஞரும் பிற கலைஞரும் தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிக்க வேண்டுமெனத் தெளிவாக வலியுறுத்திற்று. ‘சன் சிட்டி’ என்னும் சூதாட்டக் கேளிக்கை நகரில் பெருந்தொகை பெற்றுப் பாடிய மேலைநாட்டுக் கலைஞர்கள் பழிக்கப்பட்டனர். அங்குப் பாட வந்த அழைப்பைச் சைமன் ஏற்கவில்லை என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது.

அவர் செய்தது வேறு. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒலிப்பதிவாளர் ராய் ஹாலியுடன் ஜோகானஸ்பர்க் சென்று, ஓவேஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில் கறுப்பினக் கலைஞர்களோடு ஏறத்தாழ இரு வாரங்கள் இசை பதிந்தார். புறப்படுமுன் கலைஞர் ஹாரி பெலஃபாண்டேயிடம் கருத்துக் கேட்டார். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் இசைவைப் பெற்றுச் செல்வதே முறை என அவர் அறிவுரை கூறினார். சைமன் அவ்வாறு செய்யவில்லை. உள்ளூர்க் கறுப்பின இசைஞர் சங்கத்தார் தமக்குள் கலந்து, அவர் வருகைக்கு இணங்கியிருந்தனர். அதுவே போதுமென அவர் கருதினார். கலைஞருக்கு நியூயார்க் நகரில் வழங்கப்படும் கூலியைப் போல் மும்மடங்கு கொடுத்தார். ஒலிப்பதிவுக்கூடத்தினுள் நிறவேற்றுமை இல்லை. ஆயினும் பொழுது சாயச் சாயக் கலைஞர்களின் முகத்தில் கலக்கம் தோன்றும். இருட்டிய பின்னர் வெள்ளையர் பகுதியில் அனுமதிச்சீட்டு இல்லாமல் நடமாடுவது அவர்களுக்கு இயலாத ஒன்று. தெருவில் இருந்த சட்டம், கதவை மூடிவிட்டதால் மட்டும் கூடத்துக்குள் நுழையாமல் இருந்துவிடவில்லை.

பாடல்கள் உருவான முறையும் வழக்கத்துக்கு மாறானது. முதலில் சொல்லும் மெட்டும், பின்னர்ப் பக்க இசை என்பதே சைமன் அதுவரை பெரிதும் கையாண்ட முறை. இத்தட்டிலோ கலைஞர்கள் தாம் இசைத்தறிந்தவற்றை இசைத்தனர். அந்நாடாக்களை நியூயார்க்குக்குக் கொண்டு சென்று, மாதக்கணக்கில் கேட்டு, அவற்றின்மேல் மெட்டையும் சொல்லையும் அவர் ஏற்றினார். அடித்தளம் ஒருவருடையது, மேல்மாடி இன்னொருவருடையது. தட்டின் பெருமையும் குறையும் இம்முறையிலிருந்தே பிறக்கின்றன.

முதற்பாடல் ‘தி பாய் இன் தி பப்பிள்’. தொடக்கத்திலேயே அக்கார்டியன் ஒன்று நெடுமூச்சுவிட்டு எழுகிறது. உடனே முரசு இடியென இறங்குகிறது. அக்கார்டியன் வாசித்தவர் லெசோத்தோ நாட்டைச் சேர்ந்த ஃபொரேரே மொட்லொஹெலோவா. லெசோத்தோ நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட மலைநாடு. அதன் ஆடவர் தலைமுறை தலைமுறையாகத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர்; அவர்களிடையே வளர்ந்தது அவ்வக்கார்டியன் இசை. சைமன் இதற்கு எழுதிய சொற்களில் வெடிகுண்டும் மருத்துவ விந்தையும் தொலைபேசியும் ஒளிப்படக் கருவியும் ஒன்றையொன்று முட்டி மோதுகின்றன. வியப்பும் அச்சமும் கலந்த ஒரு காலத்தின் படம் அது. குண்டு எந்த நாட்டில் வெடித்தது என்று பாடல் கூறவில்லை. ஆனால் அவ்விசையைக் கேட்டுக்கொண்டே அச்சொற்களைக் கேட்பவருக்குத் தென்னாப்பிரிக்கா நினைவுக்கு வராமல் போகாது. சொல்லும் இசையும் இணையாக நின்று பொருதும் இப்பாடல், தட்டின் தலைசிறந்த மூன்றனுள் ஒன்று.

அடுத்தது தலைப்புப் பாடல். கிரேஸ்லேண்ட் என்பது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த மாளிகையின் பெயர். ஆப்பிரிக்க இசைக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? மெட்டை முணுமுணுத்தபோது சைமனின் நாவில் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. பொருந்தாதென எண்ணி மாற்ற முயன்றும் அது போகவில்லை. இறுதியில் அவரே காரேறி அம்மாளிகைக்குப் பயணம் செய்தார். திருமணம் முறிந்த ஒருவன், முதல் மனைவிக்குப் பிறந்த மகனை அழைத்துக்கொண்டு, உள்நாட்டுப் போர் நடந்த நிலத்தின் வழியே, ஏதோ ஓர் அருளை நாடிச் செல்வதாகப் பாடல் அமைந்தது. கிதார் இசைத்தவர் ‘ஸ்டிமேலா’ குழுவின் தலைவர் ரே ஃபிரி. தம் நாட்டு இசையில் அவ்வளவாக வழங்காத, சோகச் சாயல் கொண்ட ஒரு சுரக்கூட்டை அவர் இதில் இழைத்தார். காரணம் கேட்டபோது, சைமனின் பழைய பாடல்களின் போக்கைப் பின்பற்றியே அவ்வாறு வாசித்ததாகக் கூறினார். விருந்தினர் வீட்டாரைப் பின்பற்ற, வீட்டார் விருந்தினரைப் பின்பற்றிய நேர்த்தி அது. பக்கிதி குமாலோவின் பேஸ் கிதார் கழுத்தில் தடுப்புக் கம்பிகள் இல்லாதது; ஆதலால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். பின்னணிக் குரல் தந்தோர், சைமன் இளமையில் போற்றிய எவர்லி சகோதரர்கள். நைஜீரியக் கலைஞர் டெமோலா அடெபோஜுவின் கிதாரும் உண்டு. இத்தனை பேர் கூடியும் பாடல் நெரிசலாக இல்லை. ஒரு காரின் சீரான ஓட்டம்போல் செல்கிறது. 1988ஆம் ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த இசைப்பதிவு என்னும் பரிசு இதற்கே கிடைத்தது.

மூன்றாம் பாடலாகிய ‘ஐ நோ வாட் ஐ நோ’வில் நிலைமை தலைகீழ். ஜெனரல் எம். டி. ஷிரிண்டாவும் காசா சகோதரிகளும் இசைத்த சோங்கா இன இசை இதன் அடித்தளம். அப்பெண்களின் குரலில் உள்ள துடிப்பும் குலவையொத்த ஒலியும் உடலை ஆடச் செய்வன. அதன்மேல் சைமன் ஏற்றியதோ, நியூயார்க் விருந்தொன்றில் ஒருவனும் ஒருத்தியும் பேசிக்கொள்ளும் போலிப் பேச்சு. அப்பேச்சை எள்ளி நகையாடுவதே அவர் நோக்கம் என்பது உண்மை. ஆயினும் உழைக்கும் மக்களின் கொண்டாட்டத்தின்மேல் மேட்டுக்குடி அரட்டையை விரித்திருப்பது செவிக்கு இனித்தாலும் நெஞ்சுக்கு உறுத்துகிறது. சைமனை எதிர்த்தவர்கள் இப்பாடலைச் சுட்டிக்காட்டியது வீண்பழியன்று.

‘கம்பூட்ஸ்’ பாடல்தான் அனைத்துக்கும் வித்து. ஒலிநாடாவில் அவர் முதன்முதல் மயங்கியது பொயோயோ பாய்ஸ் குழுவின் இவ்விசையில்தான். கம்பூட்ஸ் என்பது சுரங்கத் தொழிலாளர் அணியும் ரப்பர் பூட்சு. அதைத் தட்டி ஆடும் ஆட்டமும் அப்பெயராலேயே வழங்குகிறது. வித்தைவிட விளைந்தவை சிறந்தன என்றே கூற வேண்டும். சைமனின் சொற்கள் இதில் மேலோட்டமாக நின்றுவிடுகின்றன.

முதற்பக்கத்தின் இறுதிப் பாடல் ‘டயமண்ட்ஸ் ஆன் தி சோல்ஸ் ஆஃப் ஹெர் ஷூஸ்’. காலணியின் அடியில் வைரம் பதித்துத் திரியும் செல்வப் பெண்ணையும் வெறுங்கை ஏழை இளைஞனையும் பற்றியது. வைரம் விளையும் நாட்டில், அதைத் தோண்டி எடுத்தவரின் இனத்தார் பாடும் பாடலில், வைரத்தைக் காலின்கீழ் வைத்திருக்கும் இவ்வுருவகத்தை வெறும் அணியென்று ஒதுக்கிவிட முடியாது. தொடக்கத்தில் எவ்விசைக் கருவியும் இல்லாமல் சூலு மொழியில் எழுவது ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ குழுவின் குரல்கள். பின்னர் ஃபிரியின் கிதார் உள்ளே நுழைகிறது. இது பதிவானது 1986ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில்; செனகல் நாட்டுக் கலைஞர் யூசு என்டூரும் தாளத்தில் பங்கு கொண்டார். தட்டின் வெளியீடு தாமதப்பட்டமையாலேயே இப்பாடல் அதில் இடம்பெற்றது. தாமதமும் சில வேளைகளில் நன்மை பயக்கும்.

தட்டைத் திருப்பினால் ‘யூ கேன் கால் மீ ஆல்’. உலகின் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த பாடல் இதுவே. ஒரு விருந்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸ், சைமனை ‘ஆல்’ என்றும் அவர் முதல் மனைவி பெக்கியைப் ‘பெட்டி’ என்றும் தவறாக அழைத்துவிட்ட வேடிக்கையிலிருந்து பிறந்தது. பலரும் கேலிப்பாட்டென்றே இதனைக் கேட்டுவிட்டுப் போய்விடுகின்றனர். மூன்றாம் பகுதியை ஊன்றிக் கேட்டால் வேறொன்று புலப்படும். மொழியறியாத, காசு செல்லாத ஓர் அயல்நாட்டுத் தெருவில் நிற்கும் மனிதன், சுற்றுமுற்றும் பார்த்துத் திகைத்து, பின்னர் வியக்கிறான். தன்னலத்தின் புலம்பலில் தொடங்கிய பாடல் பிறரைக் காண்பதில் முடிகிறது. ஆப்பிரிக்காவுக்குச் சென்ற சைமனின் தன்வரலாறு இச்சில அடிகளில் அடங்கியிருக்கிறது. குமாலோவின் பேஸ் கிதார் தனித்து ஒலிக்கும் நொடிகளும் புகழ் பெற்றவை. அவர் வாசித்ததன் பதிவையே பின்னோக்கி ஓடவிட்டு இறுதியில் ஒட்டியிருப்பதால், அது விகடகவி என்னும் சொல்லைப்போல் இருபுறமும் ஒன்றாக அமைந்துள்ளது. இடையே வரும் தகரக்குழல், நியூயார்க்கில் வாழ்ந்த தென்னாப்பிரிக்கர் மோரிஸ் கோல்டுபர்க் ஊதியது.

‘அண்டர் ஆப்பிரிக்கன் ஸ்கைஸ்’ பாடலில் சைமனுடன் இணைந்து பாடியவர் லிண்டா ரான்ஸ்டட். ஆப்பிரிக்க வானத்தின்கீழ் நடக்கும் ஜோசப் என்பவரும் அமெரிக்காவின் டூசான் நகரத்துச் சிறுமியும் இசையைத் தம் பிறவிச் செல்வமாகப் பெறும் செய்தி இதில் வருகிறது. குரலிணைவு அழகியது. ஆனால் ரான்ஸ்டட் 1983இல் சன் சிட்டியில் பாடியவர். புறக்கணிப்புப் பற்றிய பேச்சு எழும் என்று அறிந்திருந்தும், இப்பாடலுக்கு அவரைத் தேர்ந்தமை எதிர்ப்பாளரின் கையில் சைமனே கொடுத்த கோல் ஆயிற்று.

இனி ‘ஹோம்லெஸ்’. வீடற்றோர் என்பது பொருள். தட்டின் உயிர்நிலை இதுவே. ஆதலின் சற்று விரிவாகக் காண்பது தகும். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவினர் இதனைப் பாடினர். கருவி ஒன்றுமில்லை, ஆண் குரல்கள் மட்டுமே. இவ்வகைப் பாடலுக்குச் சூலு மொழியில் ‘இசிகத்தமியா’ என்று பெயர். ஓசைப்படாமல் மெல்ல அடியெடுத்து வைத்தல் என்னும் கருத்துடையது அச்சொல். ஊரையும் மனைவி மக்களையும் விட்டு வந்து, சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்து, ஆடவர் மட்டும் தங்கும் விடுதிகளில் அடைபட்டிருந்த தொழிலாளர்கள் வார இறுதியில் இரவெல்லாம் போட்டியிட்டுப் பாடிய பாட்டு இது. ஆடும்போதும் காலோசை மிகாமல் ஆடினர். தோட்டப்புற லயன் வீடுகளின் வரலாற்றை அறிந்த மலேசியத் தமிழருக்கு இவ்விடுதிகளின் தனிமையை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

குழுவின் தலைவர் ஜோசப் ஷபலாலா. லேடிஸ்மித் என்பது அவர்தம் ஊர். பிளாக் என்பது கறுப்பு எருதுகளைக் குறிப்பது. மம்பாசோ என்றால் கோடரி, அதாவது எதிர்க்குழுக்களை வெட்டி வீழ்த்துவோர். லேடிஸ்மித் இருந்தது அப்போதைய நேட்டால் மாநிலத்தில். 1860ஆம் ஆண்டு நவம்பரில் ‘துரூரோ’ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் அந்நேட்டாலில்தான். கரும்புத் தோட்டங்களுக்கு என்று கொண்டுசெல்லப்பட்ட அவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்தம் வழியினரும் பின்னாளில் இதே நிறவொதுக்கலின்கீழ் வதிந்தனர்.

சூலு மொழியில் ஷபலாலா எழுதிய பகுதியும் ஆங்கிலத்தில் சைமன் எழுதிய பகுதியும் ‘ஹோம்லெஸ்’ பாடலில் மாறி மாறி வருகின்றன. திருமணப் பாடல் ஒன்றின் மெட்டிலிருந்து அதன் தொடக்கம் வந்தது. பெருங்காற்றும் அழிந்த இல்லங்களும் நீர்மேல் துயிலும் நிலவும் சொற்களில் தோன்றுகின்றன. அரசென்றோ அடக்குமுறையென்றோ ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் கறுப்பர் குடியிருப்புகளை இடித்து மக்களை இலட்சக்கணக்கில் பெயர்த்தெறிந்த நாட்டிலிருந்து, ‘நாங்கள் வீடற்றவர்கள்’ என்னும் குரல் கிளம்பும்போது அதற்கு உரையாசிரியர் தேவைப்படுவதில்லை. மேலும் சைமன் இதில் முன்னே நிற்கவில்லை. ஷபலாலாவின் குரல் முன்செல்ல, தாம் குழுவில் ஒருவராக ஒதுங்கிக்கொள்கிறார். பிறர் முற்றத்தில் பாடுவோர்க்குரிய ஒழுங்கு எதுவென்று கேட்டால் இப்பாடலைத்தான் காட்ட வேண்டும்.

‘கிரேஸி லவ்’ இரண்டாம் பாகம் என்னும் அடுத்த பாடல், மணமுறிவைப் பற்றிய பேச்சு. ஸ்டிமேலாவின் கிதார் ஒலிக்காகக் கேட்கலாம். இதே ஸ்டிமேலா குழு 1986இல் தம் நாட்டில் வெளியிட்ட ‘விஸ்பர்ஸ் இன் தி டீப்’ என்னும் பாடலை, அரசியல் பொருள் கருதித் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் ஒலிபரப்பாமல் தடுத்தது. அஞ்சாமல் பாடத் தெரிந்த கலைஞர்கள் பக்கத்தில் இருக்க, சைமன் தம் காதல் துயரையே பாடிக்கொண்டிருந்தார் என்பது எண்ணத்தக்கது.

கடைசி இரு பாடல்கள் ஆப்பிரிக்காவைச் சார்ந்தவை அல்ல. ‘தட் வாஸ் யுவர் மதர்’ லூசியானா மாநிலத்தில் ராக்கின் டாப்சி குழுவினருடன் பதியப்பட்டது; ‘ஆல் அரவுண்ட் தி வேர்ல்ட்’ லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மெக்சிக்க அமெரிக்கக் குழுவாகிய லாஸ் லோபோசுடன் பதியப்பட்டது. அக்கார்டியன் ஒலியே இவற்றைப் பிற பாடல்களோடு பிணைக்கும் நூல். முன்னது குதூகலமானது; பின்னது சோர்வானது. பின்னதன் இசையில் தங்களுக்குள்ள பங்கு பெயரளவிலும் ஒப்புக்கொள்ளப்படவில்லை என லாஸ் லோபோஸ் குழுவினர் பிற்காலத்தில் வெளிப்படையாகக் குறை கூறினர். சைமன் அதனை ஏற்கவில்லை.

பெயருரிமை பற்றிய இக்குறை சிறியதன்று. அதன் கனத்தை அறிய 1939ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு ஜோகானஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்னும் சூலு தொழிலாளி தம் குழுவினருடன் ‘ம்பூபே’ என்ற பாடலைப் பதிவு செய்தார். இசிகத்தமியாவுக்கு முன்னோடி அதுவே. உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்தார் என்பர். 1950களில் வீவர்ஸ் குழுவினர் அதனை வேறு பெயரில் பாடினர். 1961இல் டோக்கன்ஸ் குழுவினர் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ எனப் பாடி உலகை வென்றனர். லிண்டாவோ 1962இல் வறுமையில் மறைந்தார். அவர்தம் மக்கள் வழக்காடி ஓர் உடன்பாட்டை எய்தியது 2006ஆம் ஆண்டில்தான். இப்பின்னணியில், ‘கிரேஸ்லேண்ட்’ தட்டில் மொட்லொஹெலோவா, ஷிரிண்டா, ஷபலாலா, பொயோயோ பாய்ஸ் கலைஞர் ஆகியோர் பெயர்கள் இசையாக்கத்தில் சைமனோடு சேர்த்து அச்சிடப்பட்டமை உண்மையான முன்னேற்றம். தலைப்புப் பாடல் முதலிய வேறு சிலவற்றில் ஃபிரி போன்றோரின் ஆக்கப் பங்கு அவ்வளவுக்கு மதிக்கப்படவில்லை என்பதும் உண்மையே.

தட்டு 1987இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குரிய கிராமி பரிசைப் பெற்றது. விற்பனை 1 கோடியே 40 இலட்சம் படிகளைத் தாண்டியது எனக் கணக்கிடுவர். எதிர்ப்பும் அதே வேகத்தில் வளர்ந்தது. வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் அவரை நேர்நின்று வினவினர். 1987 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஜெரி டாமர்ஸ், பில்லி பிராக் போன்ற ஆங்கிலேயக் கலைஞரும் எதிர்ப்பில் நின்றனர். காங்கிரசுத் தலைவர் ஆலிவர் டாம்போவின் மகன் டாலி டாம்போ அவ்வியக்கத்தின் முன்னோடி. கண்டித்தோரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. புறக்கணிப்பு ஒரு கோட்டைச் சுவர். நல்லெண்ணத்தோடு ஒருவர் அதில் வழி உண்டாக்கினால், தீய எண்ணத்தோடு ஒன்பது பேர் அவ்வழியே நுழைவர். மேலும் அரசியல் சொல் ஒன்றும் இல்லாத இத்தட்டு, கறுப்பர் மகிழ்ந்து பாடுகின்றனர் என்னும் பொய்த்தோற்றத்துக்கு இடந்தரும் என்றும் அஞ்சினர்.

மறுபுறத்தில் நின்றவர்களும் எளியவர் அல்லர். முப்பது ஆண்டுக்காலம் நாடற்று வாழ்ந்த மிரியம் மக்கேபாவும் ஹியூ மசெக்கேலாவும் சைமனுடன் மேடையேறினர். 1987 பிப்ரவரியில் சிம்பாப்வேயின் ஹராரே நகரில் அவர்கள் நிகழ்த்திய இசைவிழாவில், தட்டில் இல்லாத அரசியல் மேடையில் ஒலித்தது. மண்டேலாவை மீட்டுத்தரக் கோரும் பாடலை மசெக்கேலா முழங்கினார். இன்னொன்றையும் எதிர்ப்பாளர் கருதவில்லை. ஒவ்வோர் இனக்குழுவையும் அதனதன் மொழி, அதனதன் நிலம், அதனதன் வானொலி எனப் பிரித்து வைப்பதே நிறவொதுக்கலின் சூழ்ச்சி. சோத்தோவின் அக்கார்டியனையும் சோங்காவின் குரலையும் சூலுவின் பாட்டையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைத்ததே அச்சூழ்ச்சிக்கு மாறான செயல். சைமன் அதனை நினைந்து செய்தாரா என்பது வேறு.

இரு தராசுகளையும் நோக்கும்போது ஒன்று தெளிவாகிறது. சைமன் கலைஞரின் இசைவைப் பெற்றார். போராடும் மக்களின் இசைவைக் கேட்கவில்லை. கலைஞன் எவருக்கும் கட்டுப்பட்டவன் அல்லன் என்னும் அவரது வாதம் தம் நாட்டில் உரிமையோடு வாழ்பவருக்குப் பொருந்தும். உரிமை இழந்தோர் தமக்கென எழுப்பிய அரணைத் தாண்டுவதற்கு அது சீட்டாகாது. கேட்டிருந்தால் மறுத்திருப்பார்களோ என்னும் ஐயம், கேளாமைக்குக் காரணம் ஆகாது. இக்குறையோடுதான் அப்பாடல்களின் நயத்தை ஏற்க வேண்டியுள்ளது.

பின்னர்க் காலம் விரைந்து மாறிற்று. 1990 பிப்ரவரியில் தடைகள் நீங்கின, மண்டேலா விடுதலையானார். 1991 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை பண்பாட்டுப் புறக்கணிப்பை விலக்கியது. அடுத்த மாதமே காங்கிரசின் வரவேற்போடு சைமன் ஜோகானஸ்பர்க்கில் பாடினார். அப்போதும் வேறோர் இயக்கத்தார் எதிர்த்தனர். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அலுவலகத்தில் கையெறிகுண்டு வெடித்தது. லேடிஸ்மித் குழு 1993இல் மண்டேலா நோபல் பரிசு பெற்ற ஆஸ்லோ நகருக்கு அவருடன் சென்று பாடியது. ரே ஃபிரி 2017இலும் ஷபலாலா 2020இலும் மறைந்தனர். 2012இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்துக்காகச் சைமனும் டாலி டாம்போவும் நேரிற் சந்தித்து நெடுநேரம் உரையாடினர். இறுதியில் இருவரும் தழுவிக்கொண்டனர். ஆயினும் இசைவு கேட்டிருக்க வேண்டுமா என்னும் வினாவில் இருவரும் தத்தம் நிலையிலேயே நின்றனர்.